கிதாபின் ஓரத்தில் எழுதியது

கணவர் நவரட்ணம் செத்து ஒரு வருஷமாகியும், அவரைப் பற்றிக் குறை சொல்ல இராஜேஸ்வரி எவருக்கும் இடம் கொடுத்ததில்லை. யாராவது வாயெடுத்தால் உடனே அந்தப் புத்தகக் கதையை எடுத்துவிடுவாள். தொண்ணூறாம் ஆண்டு துவக்கேந்திய இயக்கப் பெடியள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, வைத்தியம் பார்த்துவந்த வயதான ஹக்கீம் ஒருவர் அழுதழுது தன் மனுஷனிடம் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனது என்பாள். மூன்று வருஷம் கழித்து ரொறன்ரோவில் அவளைக் கட்டியபோது அவர் சொன்ன கதை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நாளில் தன் மனுஷனாவது மனுஷனாக நடந்தார் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

கிதாப் என்று அவர் சொன்ன அந்தப் புத்தகம் சாமியறையில் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. அரபு எழுத்து. வீட்டில் எவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மகன் வாகீசன் அதை அப்பாவின் பெயரில் கண்காட்சி ஒன்றுக்குக் கொடுக்க ஆசைப்பட்டான். அதற்காகத்தான் வீடிருந்த மில்லிக்கனிலிருந்து காரோடி வந்து, பழைய அரபுச் சுவடிகளை ஆராய்கிற ஸ்டெபனியின் மேசைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் பாக்தாத்தில் எழுதப்பட்ட வைத்திய நூலின் பிரதி என்றாள் ஸ்டெபனி. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்கள் நோயாளியின் நிலையை நாளுக்கு நாள் எழுதிவைப்பார்களாம். பிழைத்தாலும் எழுதுவார்கள், செத்தாலும் மறைக்கமாட்டார்கள். இந்த ஹக்கீமும் அந்த வழக்கத்தை விடாமல் ஓரமெல்லாம் குறித்திருக்கிறார். ஆனால் குறிப்புகள் அரபு மொழியில் இல்லை, எழுத்துக்கூட்டலாம், பொருள்தான் விளங்கவில்லை என்றாள்.

வாகீசன் இதையெல்லாம் தமிழில் சொல்லிமுடித்ததும் இராஜேஸ்வரி வாசித்துக் காட்டச் சொன்னாள். ஸ்டெபனி கடைசிப் பக்கத்தை எடுத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். தமிழ்! முஸ்லிம் சனங்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள் என்பது அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்த இராஜேஸ்வரிக்கு அன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்த்ததும் இல்லை.

"முதலாம் நாள். மகன் பிள்ளையளோட போயிட்டான். எனக்குக் கால் ஏலாது. நவரட்ணம் தன்ர வீட்டில வைச்சுக் கஞ்சி தந்தான்."

வாகீசனுக்கு அந்த உச்சரிப்பில் அப்பாவின் பெயர் மட்டும் பிடிபட்டது. என்னவென்று கேட்டான். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

"மூன்றாம் நாள். பெடியள் வந்து விசாரிச்சவங்களாம். நவரட்ணம் என்னைத் திரும்ப என்ர வீட்டில விட்டு வெளியால பூட்டினான். தண்ணி கொண்டு வாறன் எண்டவன்."

"ஐந்தாம் நாள். வரேல்லை. நாக்கு வறண்டிட்டுது. நோயாளிக்கு நினைவு தெளிவு."

"ஏழாம் நாள். கதவடியில ஆரோ அழுறது கேக்குது. நவரட்ணத்தின்ர குரல். திறக்கேல்லை."

அதற்குப் பிறகு வெறும் தாள். தான் என்ன வாசித்தோம் என்று தெரியாத ஸ்டெபனி சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இராஜேஸ்வரி அந்த வெறுந்தாளைத் தொட்டுப் பார்த்தாள். கதவைத் திறக்காமல் புத்தகம் வந்திருக்காது. எப்போதோ திறந்திருக்கிறார், எல்லாம் முடிந்த பிறகு. ஹக்கீம் கிடந்ததைக் கண்டிருக்கிறார். அதன் பிறகும் வந்து அவளுக்குத் தாலி கட்டி, முப்பது வருஷம் அந்தத் துணிக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார். பக்கத்தில் படுத்த மனுஷனை முதன்முதலாக வெறுத்தாள்.

"அப்பாவைப் பற்றி என்னம்மா எழுதியிருக்கு?"

மகனின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சில் துணிவு வரவில்லை.

"கஞ்சி குடுத்தவராம்."

வாகீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டெபனியிடம் ஆங்கிலத்தில் சொன்னான், அவள் குறித்துக்கொண்டாள். பக்கங்களைப் படமெடுத்து இன்ரநெற்றில் போட்டால் ஹக்கீமின் குடும்பம் எங்கிருந்தாலும் கண்டுகொள்ளும், போடலாமா என்று வாகீசன் மூலம் கேட்டாள்.

இராஜேஸ்வரி புத்தகத்தை ஸ்டெபனியின் பக்கம் தள்ளினாள்.

"போடச் சொல்லு," என்றாள். "கடைசிப் பக்கத்தையும் விடாமப் போடச் சொல்லு. மிச்சத்தை ஹக்கீமின்ர மகன் வாசிக்கட்டும்."

வாகீசன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவர்கள் வந்தால் கட்டாயம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றான்.