என் மடியில் ஒரு பிரதிநிதி

அமெரிக்கக் குடியரசு பிறந்த புதிதில் என்னை ஐந்து பங்காகப் பிரித்து, மூன்று பங்கைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். மிச்சம் புகையிலைத் தோட்டத்திலேயே இருந்தது. தோட்டத்தில் இருந்த அடிமைகள் எல்லாருக்கும் இதே பிரிவினைதான். ஒரு பகுதிக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிட, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ண வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் எழுதியிருந்தது.

எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது என்று கணக்கெடுக்க வந்தவரும் கங்காணி மெரிட்டும் வரப்பில் நின்று பேசினார்கள். கையும் காலும் முதுகும் வேலைக்கு வேண்டும். இலையில் புழு பொறுக்கக் கண் வேண்டும். காதில் ஒன்று போகட்டும். கங்காணி கூப்பிடுவது கேட்க மற்றது இங்கே இருக்கட்டும்.

"நாக்கு?" என்று கேட்டார் கணக்கெடுக்க வந்தவர்.

"அங்க எதுக்குங்க? பேசித் தொலைக்கும்," என்றார் கங்காணி.

மடியால் தோட்டத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மடியை அனுப்பினார்கள். வயிறும் போயிற்று. சோளக்கூழ் மிச்சம் என்று கங்காணிக்குச் சந்தோஷம்.

எங்கள் முதலாளி ஹால்சி துரை. எங்கள் பகுதிக்குப் பிரதிநிதியும் அவர்தான். தலைநகரில் எங்கள் மடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் துரை உட்கார்ந்தார். யார் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் தூக்கும் கைக்கு அந்த மன்றத்தில் மதிப்பு அதிகம். அடிமைகள் அதிகம் இல்லாத வடக்கத்திப் பிரதிநிதிகள் மர நாற்காலியில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள். பேரம் பேசி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்ட மகராசர்கள் அவர்கள்தான். அடுக்கில் என் மடி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. துரை நல்ல கனம்.

ஒரு காது அங்கே இருந்ததால் களை பறித்துக்கொண்டே மன்றத்துப் பேச்சையெல்லாம் கேட்பேன். சுதந்திரம் என்று சொல்லும்போதெல்லாம் துரை என் தொடையில் தட்டிச் சொல்வார். பிறப்பால் எல்லாரும் சமம் என்பார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகும். இதைவிட அயோக்கியத்தனம் உண்டா என்று கேட்க நாக்கு இங்கே இருந்தது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

கஷ்டமெல்லாம் என் மகள் ஃபீபிக்குத்தான். கணக்கெடுத்த அன்று அவள் புகையிலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் அவள் முழுசாக இருந்தாள். தூக்கம் வந்தால் என்னிடம் வருவாள். நான் உட்கார்ந்தால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

"அம்மா, உன் மடி எப்ப வரும்?"

"துரை எந்திரிச்சா வரும்."

அவர் எழுந்திருக்கவில்லை. மாறாக ஒரு மசோதா கொண்டுவந்தார். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, தனியாக விற்கலாம் என்பது மசோதா. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. வயிறு தலைநகரில் இருந்ததால் அங்கேதான் எரிந்தது. துரை இருக்கை சுடுகிறது என்று சொல்லி ஒரு மெத்தை வரவழைத்துப் போட்டுக்கொண்டார்.

கங்காணியிடம் போனேன். "ஐயா, என் பிள்ளைய விக்கிறதுக்கு, என் மடியிலயே உக்காந்துக்கிட்டுக் கையத் தூக்குவாரா?"

"உனக்கும் சேத்துத்தானே தூக்குறாரு டைனா. பெருமைப்படு," என்றார். அவர் முகத்தில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. "மசோதா நிறைவேறட்டும். முழுப் பிள்ளை, நல்ல விலைக்குப் போகும்."

நான் ஃபீபியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கங்காணி வாசலில் நின்று சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். ஓடிப்போகும் ஆளைப் பிடிக்கத்தான் அதில் வழி இருந்தது. ஐந்தில் இரண்டை ஆள் என்று சொல்ல முடியாது. ஃபீபி கணக்கிலேயே இல்லை. கதவைத் திறந்துவிட்டார். களத்தில் இலை கட்டிக்கொண்டிருந்த ஜூனோ நிமிர்ந்து, "என் மடியப் பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு," என்றாள்.

மன்றத்துக் காவலாளி எங்களைத் தடுத்தான். "முழு ஆளுங்களுக்குத்தான் அனுமதி."

"என் மிச்சம் உள்ளதான் இருக்கு," என்றேன். வழிவிட்டான்.

வாக்கெடுப்புக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஃபீபியைக் கீழே நிறுத்திவிட்டு அடுக்கின்மேல் ஏறினேன். வழியில் ஜூனோவின் மடியைத் தடவிக்கொடுத்து, அவள் விசாரித்ததைச் சொன்னேன். மேலே போய் என்னோடு நான் சேர்ந்துகொண்டேன். இப்போது துரை முழு ஆளான என் மடியில் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க துரை. பிள்ளைக்குத் தூக்கம் வருது."

"இது மக்கள் எனக்குக் கொடுத்த இருக்கை," என்றார் துரை, திரும்பிப் பார்க்காமல்.

"அந்த மக்கள்ல நான் உண்டா?"

"ஐந்தில் மூன்று."

"அந்த மூணுதான் எந்திரிக்குது," என்று சொல்லி எழுந்தேன்.

எழுந்து நின்றவளுக்கு மடி என்று ஒன்று கிடையாது. துரை விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதே உயரத்தில் காற்றில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினார். எழுத்தர் என்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டார். வடக்கத்திக்காரர்கள் குனிந்து தங்கள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மசோதா நிறைவேறியது.

நான் முழு ஆளாகிவிட்டதால், ஓடிப்போகிறவர்களைப் பிடிக்கும் சட்டம் இப்போது எனக்கும் பொருந்தியது. ஃபீபியைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தேன். ஊர் எல்லை தாண்டி ஓர் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் கழித்து வந்த மடி! ஃபீபி சிரித்துக்கொண்டே குனிந்தாள். அவள் தலை சாய்க்குமுன் துரை வந்து உட்கார்ந்துவிட்டார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். சுதந்திரம் என்று என் தொடையில் ஓங்கித் தட்டினார்.

ஃபீபி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிம்மா. நான் நின்னுக்கிட்டே தூங்கிக்கிறேன்."

எழுந்தேன். அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. ஃபீபி என்மேல் சாய்ந்து, நின்றபடியும் நடந்தபடியும் தூங்குகிறாள். முதலில் என் இடுப்பில் சாய்ந்தாள். இப்போது அவள் தலை என் தோளுக்கு வருகிறது. துரை காற்றில் உட்கார்ந்தபடியே எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார், நான் எப்போது உட்காருவேன் என்று பார்த்துக்கொண்டு.