ஓடை இடம் மாறிய ஊர்

உடும்பநத்தம் இருந்த இடத்தை விட்டு ஓரடி நகராத ஊர். ஆனாலும் அதன் விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் கோயமுத்தூர் ஜில்லா. ஐம்பத்தாறில் கொள்ளேகாலம் மைசூருக்குப் போனபோது, ஊர் நடுவே ஓடிய ஓடையைப் பிடித்துக் கோடு கிழித்து, மேற்குக்கரை மைசூர், கிழக்குக்கரை மதராஸ் என்றார்கள். தொண்ணூற்றேழில் மேற்குக்கரையை மைசூர் ஜில்லாவிலிருந்தும் பிரித்துச் சாமராஜநகரோடு சேர்த்தார்கள். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஓடைதான் சட்டம். ஒரே கரையில் இருப்பவர்கள் பங்காளிகள், எதிர்க்கரையில் இருப்பவர்கள் மாமன் மச்சான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைத் தாண்டித்தான்.

அந்தச் சட்டம் மைசூர் அக்ரஹாரம் வரைக்கும் வந்து அய்யாவு மேஸ்திரியின் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது? மேற்குக்கரைக்காரரான அவர் பிழைப்புக்காக மைசூர் வந்து, ஊரார் வீடுகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் இருந்தார். ஒரே மகள் ரூபா, துணிக்கடையில் வேலை. கட்டினால் மனோஜ்குமாரைத்தான் கட்டுவேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். மனோஜ் வேறு யாருமில்லை, இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருக்கும் உதயகுமாரின் மகன். உதயகுமாரும் உடும்பநத்தத்து மேற்குக்கரை.

"அவன் உனக்கு அண்ணன் முறை சாமி" என்றார் அய்யாவு.

"எனக்கு ஹேகப்பா தெரியும்? அவங்கப்பாவ அங்கிள்னுதானே கூப்பிட வெச்சீங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டாள் ரூபா.

பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் அய்யாவுதான். பிள்ளை மழலையில் அங்கிள் என்றபோது, நம் வீட்டிலும் நாகரிகம் வந்துவிட்டது என்று பூரித்துப் போனவரும் அவர்தான். தவளை தன் வாயால் கெட்ட கதை.

மனைவி நாச்சம்மாள் மகள் பக்கம் சாய்ந்தாள். அவள் கிழக்குக்கரையில் பிறந்தவள். "ஏனுங்க, உதயகுமாரண்ணன் பொறந்தது எங்க கரைங்க. எனக்குத்தான் அவரு மொதல்ல அண்ணன். தண்ணி வந்து பண்ணுன வேலைதானுங்க, உங்களுக்கு அண்ணனானது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அய்யாவு இளவட்டமாக இருந்தபோது ஓர் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஓடை பழைய தடத்தை விட்டுவிட்டு உதயகுமார் வீட்டுக்குப் பின்புறமாகப் புதுத் தடம் அறுத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் கிழக்குக்கரையில் இருந்த அந்த ஒரு வீடு மட்டும் மேற்குக்கரையில் நிற்கிறது. சர்க்கார் கணக்கில் அது இன்றைக்கும் தமிழ்நாடுதான். ஓட்டுக் கேட்கிறவர்கள்கூட அந்த வீட்டுக்கு வர ஓடையில் இறங்கித்தான் ஏறவேண்டும்.

வெள்ளம் வடியாத அந்த நாளில் உதயகுமாரின் அப்பா செத்துப்போனார். பாடை தூக்க வேண்டிய பங்காளிகள் எதிர்க்கரையில் நின்று கத்தி அழுதார்கள். தாண்டி வர முடியவில்லை. அப்போது அய்யாவுவின் அப்பா தலையை மழித்துக்கொண்டு முன்னால் வந்து தோள் கொடுத்தார். பிறகு ஊர் கூடி, இனி அந்த வீடு மேற்குக்கரைப் பங்காளி என்று பேசி முடித்தது. வருஷங்கள் கழித்து அய்யாவுவின் அப்பா இறந்தபோது உதயகுமார் மொட்டை போட்டு, கூடவே இருந்து எல்லாம் செய்தார்.

அப்படி நின்றவரை எப்படிச் சம்பந்தியாக்குவது? அதைவிட, வெளியே சொல்ல வெட்கப்பட்ட இன்னொரு பயமும் அய்யாவுக்கு இருந்தது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. தான் போனால் பங்காளி மகன் மனோஜ்தான் கொள்ளி வைப்பான் என்று மனசுக்குள் எப்போதோ முடிவு செய்து நிம்மதியாக இருந்தார். மருமகனானால் ஊர் வழக்கப்படி அவன் கோடித்துணியோடு வாசலில் நிற்க வேண்டியவன், கொள்ளியைத் தொட முடியாது.

மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனார்.

"அண்ணா, முறையில்லீன்னு நீங்களே பையங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

உதயகுமார் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். "எங்கப்பன எடுத்த அன்னிக்கு, உங்கப்பன் எனக்கு என்ன முறை?"

அய்யாவு யோசித்தார். "மாமன் முறைங்."

"ஊரு கூடிப் பங்காளின்னு பேசுனது காரியமெல்லாம் முடிஞ்சப்பறம். அப்ப மொட்டையடிச்சு முன்னால வந்தாரே, அது எந்த முறைல?"

இத்தனை காலத்தில் அய்யாவு இதை நினைத்துப் பார்த்ததேயில்லை. முறை முதலில் வந்தது, மொட்டை பிறகு என்றே நம்பியிருந்தார். அப்பா எதையும் பார்க்கவில்லை. பிணம் கிடந்தது, தூக்க ஆளில்லை, தூக்கினார்.

"அப்ப எனக்கு ஆருங்ணா?" என்று கேட்டே விட்டார். கேட்டபின் கூசிப்போய்த் தரையைப் பார்த்தார்.

உதயகுமாருக்கு அது புரிந்தது. "மனோஜ் வெப்பான். மருமவன் உள்ள வரக்கூடாதுன்னு ஊரு சொன்னாச் சொல்லீட்டுப் போகுது. எங்கப்பனுக்கு உங்கப்பன் வல்லியா?" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. இனிமேப்பட்டு உன்னயத் தம்பின்னு கூப்புட முடியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யாவு வீட்டில் தட்டு மாற்றினார்கள். பிறந்த கரை அண்ணன் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நாச்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேங்காய் பழத் தட்டை நீட்டி, "வாங்கிக்குங்க மச்சான்" என்றார் அய்யாவு. கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உதயகுமார் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் அய்யாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒற்றைப் பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் அழத்தானே செய்வான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.