அழித்தது நான்தான்

எங்கள் தோட்டத்தில் கடிதம் நேராக வீட்டுக்கு வராது. ஆபீசுக்கு வரும். அங்கே யாராவது பிரித்துப் பார்த்துவிட்டு, காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கவரை வாங்குவதற்குள் பாதிப் பேருக்குச் சேதி தெரிந்திருக்கும். டிஸ்பென்சரியும் அப்படித்தான். அங்கே மருந்து கொடுக்கிற ஐயாவிடம் இருமினால், இருமல் நமக்கு முன்னால் லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால்தான் இரண்டு மாதமாக எனக்குத் தூரம் வராதபோது நான் அந்த ஐயாவிடம் போகவில்லை. தலவாக்கலை டவுனில் முத்துலிங்கம் அண்ணன் நடத்திய கொமினிகேஷன் கடைக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் ஒரு பலகைத் தடுப்பும் பூப்போட்ட திரையும் உண்டு. பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளோடு கத்துகிற எனக்கு, அந்தத் திரையை இழுத்துவிடுவதே பெரிய சுகம். ஏன் தள்ளிப்போகிறது என்று ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித் தேடினேன். இரத்தக் குறைவு, கவலை, தைரொய்டு என்று எத்தனையோ காரணம் இருந்தது. மூடிவிட்டு வந்தேன். கவரே இல்லாததை யார் பிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தோட்டத்துப் புத்தி.

மறுநாள் ஃபெக்டரி வேலை முடிந்து வந்த என் கூடப்பிறந்த அண்ணன் ஜீவராஜ், சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான்.

"யாருடி அவன்?"

முத்துலிங்கம் ஹிஸ்டரியைத் திறந்து, நான் தேடியதையெல்லாம் அவனுக்குக் காட்டியிருக்கிறார். கூட்டாளியின் தங்கச்சி மேல் அவ்வளவு அக்கறையாம்.

"ஒருத்தனும் இல்ல."

"அப்ப நாளைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வா. டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

"நான் போவேன். ஒங்கூட வரமாட்டேன்."

"ஒண்ணுமில்லன்னா வந்து காட்ட வேண்டியதுதானே?"

"ஒண்ணுமில்ல. காட்டவும் மாட்டேன்."

கையை ஓங்கினான். அம்மா குறுக்கே வந்தாள். அவள் என்னை நம்பினாள். ஆனாலும், "போயிட்டுத்தான் வந்துரேன் புள்ள, அவன் வாய அடைச்சிரலாம்" என்றாள். அவன் வாயை அடைக்க என் உடம்புதானா கிடைத்தது? எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

மேல் லயத்துக் கிருஷாந்தி ஹட்டனில் கம்பியூட்டர் படித்தவள். ஹிஸ்டரியை அழிப்பது எப்படி என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை திரையை இழுக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் தேடியதும் அங்கே கிடந்தது. எதையும் வாசிக்காமல் மொத்தத்தையும் அழித்தேன்.

முத்துலிங்கம் எழுந்து வந்தார். "என்ன தங்கச்சி பண்ற? இது என் கம்பியூட்டர்."

"கம்பியூட்டர் ஒங்களதுதான். ஒடம்பு என்னுது."

"மறைக்க ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழிக்கணும்?"

"கக்கூசுக்குக் கதவு போட்டு வச்சிருக்கீங்களே, உள்ள போய்க் களவா எடுக்கிறீங்க?"

பக்கத்துத் தடுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முத்துலிங்கத்தின் முகம் கறுத்தது. இனிமேல் இந்தக் கடைப் படி ஏறக்கூடாது என்றார். எனக்கும் ஆசையில்லை. ஆனால் கிளம்புவதற்குள் பக்கத்துத் திரை விலகியது. முன்பின் தெரியாத ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"அக்கா, அத எப்பிடி பண்றது?"

நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தேன். எங்கே அமுக்க வேண்டும், எதைத் தெரிவு செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக, பிள்ளைக்காம்பராக் குரலில். மற்றத் தடுப்புகளிலும் பேச்சு நின்று, அமுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. முத்துலிங்கம் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். சாப்பிடும்போது மட்டும் என் வயிற்றைப் பார்ப்பான். நானும் நிமிர்ந்தே உட்காருவேன்.

பிறகு ஒருநாள் காலையில் தூரம் வந்தது. ஒற்றைக் காம்பரா வீட்டில் அம்மாவிடம் எதை மறைக்க? அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினாள். வெளியே அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

அவள் கையைப் பிடித்தேன். "அவன்கிட்ட சொல்லாதம்மா."

"ஏம்புள்ள? நல்ல சேதிதானே? இல்லாட்டி சந்தேகப்பட்டுக்கிட்டே கெடப்பானே."

"கெடக்கட்டும். நான் சொன்னப்ப நம்பல. இப்ப என் துணி சொல்லி அவன் நம்ப வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் கையை விடவில்லை.

"என்னம்மா, உள்ள என்ன குசுகுசுன்னு?" என்றான் அண்ணன்.

அம்மா கதவைச் சாத்தினாள்.

"பொம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கோம்," என்றாள். "ஒனக்கென்ன?"