பதிமூன்று மணி நேரம்

கராச்சியிலிருந்து சென்னைக்கு ஆயிரத்து முந்நூறு மைல், தபால் விமானம் மணிக்கு நூறு மைல் பறக்கும் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து விளாங்குடி காசிமாயனின் கால் தரையில் பாவவில்லை. கடலைக்காட்டில் மாடுகளிடம்கூட அதைச் சொன்னான்.

"பதிமூணே மணி நேரம், மச்சான்! காலையில கராச்சி, ராத்திரிச் சோறு மெட்ராசு!"

காபி கிளப்பில் எதிரே உட்கார்ந்திருந்த அக்காள் புருஷன் உக்கிரபாண்டி, திண்டுக்கல் சாலையில் பஸ் ஓட்டுகிறவர். சிரித்தார்.

"திண்டுக்கல் நாப்பது மைல், மாப்ள. என் வண்டி மணிக்கு இருபது மைல் ஓடும். ரெண்டு மணி நேரத்துல என்னைக்காச்சும் போயிருக்கனா?"

"வானத்துல யாரு கைகாட்டி நிறுத்துவா?"

காபி கிளப்பே அதிர்ந்தது. அந்தக் குஷியில் காசிமாயன் தன் மீசையைப் பந்தயம் கட்டிவிட்டான். அடுத்த மாதம் உக்கிரபாண்டி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதற்கென்றே எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது.

கராச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஊர்க்காரன் கருத்தக்கண்ணனுக்கு எழுதிப்போட்டார்கள். விமானத் தபாலில் பதில் வந்தது. 'இந்தக் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு விமானம் வெள்ளிக்கிழமை விடிய ஆறரைக்குக் கிளம்புகிறது. ஆமதாபாத்தில் இறங்குமாம், பம்பாயில் இறங்குமாம், இருட்டினால் பல்லாரியில் படுத்துவிடுமாம்.' உறையின் முதுகில் சென்னை முத்திரை: சனிக்கிழமை.

"படுத்துருமா?" காசிமாயன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பறந்தது பதிமூணு மணி நேரந்தான், மச்சான். தூங்குனதச் சேக்கலாமா?"

"கடுதாசியும் சேந்துதான தூங்குச்சு, மாப்ள? உக்காரு."

நாவிதர் இரண்டே இழுப்பில் வேலையை முடித்தார்.

காதுகுத்து அன்று காலை ஆறு மணிக்குச் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக் காசிமாயன் கிளம்பினான். சமயநல்லூரில் அக்காள் வீடு நாலு மைல். ஏழேகாலுக்குப் போய்விடலாம், முகூர்த்தம் ஒன்பதுக்கு.

முதல் கிணற்றடியில் சின்னக்கருப்பன், மீசை மழித்த முகத்தைத் துக்க முகமென்று நினைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யாருப்பா போய்ட்டாக?" யாரும் போகவில்லை என்று விளக்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அடுத்த வளைவில் இருவர், மாட்டுவண்டியில் நால்வர். ராக்கம்மாள் கேட்கவே இல்லை. அவனைக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். சீர்த்தட்டைக் காட்டிக் காட்டி அவளை நிறுத்துவதற்குள் அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையில் வாழைப்பழச் சீப்பு குலுங்கியது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பந்தலுக்குள் ஓடி நுழைந்தான்.

அக்காள் ஒச்சம்மாள் சீறினாள். "நாலு மைலுக்கு மூணு மணி நேரமாடா?"

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட காசிமாயன் மச்சானை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நடந்தது ஒன்னேகால் மணி நேரந்தான்க்கா. மிச்சமெல்லாம் பல்லாரி."

உக்கிரபாண்டி போட்ட வெடிச்சிரிப்பில் ஆசாரியின் கையிலிருந்த ஊசி நழுவிக் கீழே விழுந்தது.