மூன்று தண்ணீர்

…நிற்காது, நிற்கக் கூடாது, நிற்கத்தான் வேண்டுமென்றால் பாலத்தில் நிற்கட்டும், ஸ்டேஷனில் நிற்கட்டும், வேறெங்கே நின்றாலும் தூசி, காக்கா என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம், அந்த வளைவில் நின்றால் என்ன சொல்வது... றினோஸா பொம்மை ரயில் ஓடுகிற மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தாள். பலகையின் அடிப்பக்கம் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது, சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் அதில் ஓடின, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள், மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தவள், முக்காட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது. மேசைக்கு அப்பால் ஜவாத் காக்காவின் சக்கர நாற்காலி கிறீச்சிட்டது, பிறகு மேலே பலகையில் ஊன்றுகோலின் நுனியால் மூன்று தட்டு, சரியாக அவள் நெற்றிக்கு நேரே, அவள் எங்கே கிடக்கிறாள் என்று காணாமலே அவருக்குத் தெரியும். "உள்ளுக்கு நித்திரையாகா, இல்லாட்டி கணக்குப் பாடமாக்கிறியா?" இல்ல காக்கா, கம்பி பாக்கிறன். "பாரு, பாரு. கணக்கில பதினெட்டு எடுத்தவளுக்கு சிலிப்பர் கட்ட எண்ணத் தெரிஞ்சாக் காணும்." மூன்று சுற்று. ரயில் நிற்காமல், கை படாமல், மூன்று சுற்று வந்தால் அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். அட்டை காக்காவின் சட்டைப்பையில் இருந்தது, ஓரம் வெளியே தெரியும்படியாகத்தான் வைத்திருந்தார். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள், அட்டை இல்லாமல் விண்ணப்பம் இல்லை, பிரதான வீதியில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடையில் வேலை செய்யும் ஸுல்பிகா, ஒரு காலத்தில் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவள், காத்துக்கொண்டிருப்பாள். பின்னேரம் அஸர் பாங்குக்கு முந்தி வந்திரு புள்ள, நானே எல்லாம் அடிச்சித் தாறன், நீ வாயத் துறக்கவே தேவையில்ல என்று சொல்லியிருந்தாள். வாயைத் திறக்கத் தேவையில்லை... அப்படிச் சொன்னால்தான் றினோஸா வருவாள் என்று அவளுக்குத் தெரியும்.

இது றினோஸாவின் வீடு, ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டாமல் மாப்பிள்ளை கேட்டு எந்தப் படியும் ஏற முடியாது, வாப்பா கண்மூடி மௌத்தான பிறகு அந்தக் கடமை காக்காவின் தலையில் விழுந்தது, காக்கா கட்டாருக்குப் போனார், வெயிலில் நின்று அந்த ஊர் ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார், இரண்டு வருடத்தில் சுவர் எழும்பியது, மூன்றாம் வருடம் ஓடு ஏறியது, நாலாம் வருடம் கிரேனிலிருந்து நழுவிய ஒரு தண்டவாளம் அவருடைய வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. வீடு அப்படியே நின்றது, பூசாத சுவரும் கதவில்லாத அறைகளுமாக. அவளும் பத்தாம் வகுப்போடு நின்றாள், காக்காவைத் தூக்கவும் கழுவவும் உம்மாவுக்குத் தனியாக ஏலாது, அதனால் மறித்துவிட்டோம் என்றுதான் உம்மா எல்லாருக்கும் சொல்வாள், எழும்பி வாசிக்கச் சொன்னால் ஒரு சொல் வராத பிள்ளைக்கு அது முதல் ஒரு மாதம் பெருநாள் லீவு மாதிரி இருந்தது என்பதை றினோஸா எவருக்கும் சொன்னதில்லை. நட்டஈடு வந்தபோது காக்கா கதவு வாங்கவில்லை. முன்னறையான ஹோலின் நாலு சுவரையும் சுற்றி மேசை அடித்தார், மட்டக்களப்போடு நின்றுவிட்ட ரயிலை இந்த மேசையில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இழுத்துக்கொண்டு போனார், நடுவில் தனக்கு ஓர் இடம், உள்ளே போகவும் வெளியே வரவும் தூக்கிவிடுகிற ஒரு பலகை. "ஊடு ஒனக்கு, ஹோல் எனக்கு. ஒரு காலுக்கு ஒரு ஹோல், நியாயம்தானே?" மாப்பிள்ளை வீட்டார் என்று இரண்டு கூட்டம் வந்து மேசையைப் பார்த்தது, பலகாரத்தைத் தொடாமல் எழும்பிப் போனது. போனாப் போறானுகள், ரயில் பாக்கத் தெரியாத ஆக்கள் என்றார் காக்கா. உம்மா பலகாரத்தைத் திரும்ப டின்னில் போட்டாள். அவன் காலக் குடுத்தது ஆருக்காக, நினைச்சிப் பாரு மகள் என்பாள்... அதை எத்தனை தரம் நினைத்துப் பார்ப்பது, சோற்றில் கை வைக்கும்போது, தலை சீவும்போது, காக்காவின் காலில்லாத சாரனைத் துவைத்துக் கொடியில் போடும்போது, நினைத்து நினைத்து அந்தக் கால் இப்போது அவளுடைய உடம்பில்தான் எங்கோ முளைத்துக் கனக்கிறது.

கண் அவருடையது, கை அவளுடையது. ஐஸ்பழக் குச்சியை அளவாக நறுக்கி இரும்புத் தூரிகையால் இழுத்தால் மரத்தில் ரேகை எழும்பும், இரும்புத் தும்பு ஊறிய வினாகிரியிலும் பிறகு தேயிலைச் சாயத்திலும் போட்டெடுத்தால் தண்டவாளத்துக்குக் குறுக்கே இருபது வருடம் வெயிலில் கிடந்த சிலிப்பர் மாதிரி நரைத்துவிடும், ஒரு சிலிப்பருக்கு நாலு ஆணி, ஒவ்வொன்றும் அரிசியில் கால்வாசி, சாவணத்தால் பிடித்து அழுத்த வேண்டும், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பித்தளை அளவுத்துண்டு இறுகாமலும் ஆடாமலும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வளைவில் வெளித் தண்டவாளத்துக்குக் கீழே பழைய கலியாண அழைப்புக் காட்டைக் கீறிச் சொருகி ஒரு மயிரளவு உயர்த்த வேண்டும், எஞ்சின் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, ஆள் கடக்கிற இடத்தில் தேய்ந்த மண். கடைசியில் தண்டவாளத்துச் சரளைக்கல், சல்லி. சல்லி என்றால் தெருமுனைக் கடற்கரையின் பெருமணல், தேயிலை வடியில் அரித்தெடுத்துக் கட்டைகளுக்கு நடுவே தூரிகையால் ஒதுக்கி, தண்ணீராய்க் கரைத்த பசையைச் சிறிஞ்சியால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். "கடல் மண்ண மூண்டு தண்ணியில கழுவணும் புள்ள, உப்பு இரிந்தா இரும்பத் திண்டுரும்" என்பது முதல் நாளே அவர் சொன்ன பாடம். அவர் சொல்ல வேண்டியதில்லை, இந்த வீட்டுச் சுவரின் அடியைப் பார்த்தால் போதும், மேசன் கடல் மண்ணைக் கலந்து கட்டிவிட்டுப் போனான், மாரி வந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், விரலால் தட்டினால் செங்கல் மாவாக உதிரும்.

கடற்கரை வளைவை நாலு தரம் பிரித்தார்கள். பிரித்தாள். முதல் தரம் வளைவு கோணல், இரண்டாம் தரம் சிலிப்பர்கள் ஒரே நிறம், கடையில வாங்கின பல்லு மாதிரி இரிக்கி என்றார், மூன்றாம் தரம் சல்லி மேடு, நாலாம் தரம் ஒரேயொரு ஆணி. அறுநூற்றுச் சொச்சம் ஆணியில் ஒன்று. "இது என்னப் பாத்துச் சிரிக்கிது புள்ள, எல்லாத்தையும் கழட்டு. ஒரு பின் இளகினதுக்குத்தான் என்ட கால் போன." அந்த ஒன்றை மட்டும் மாத்தினாக் காணாதா காக்கா என்று கேட்க வாய் எடுத்தாள், சாவணத்தை எடுத்தாள், கழற்றினாள். அன்று பின்னேரம் ஸ்டேஷனில் நிற்கிற பொம்மை மனிதர்களில் ஒருவனை எடுத்து அவனுடைய வலது காலை நறுக்கி, காக்காவின் கண் எட்டாத தூணுக்குப் பின்னால் ஒட்டிவைத்தாள், அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. மூன்று நாள் கழித்து காக்கா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிற மனிசனுக்கு ஒரு ஊன்றுகோல் செஞ்சி குடு, பாவம், எவ்வளவு நேரந்தான் ஒத்தக் காலில நிப்பான்" என்றார். ஊசியை வளைத்து ஊன்றுகோல் செய்தாள், விரலில் இரண்டு தரம் குத்தி இரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஐந்தாம் தரத்துக்கு மணல் அள்ளப் போனாள். அள்ளி வந்ததைக் கழுவவில்லை. சாக்கில் பரப்பி வெயிலில் காயவிட்டு அப்படியே கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். தின்னட்டும், மெல்ல மெல்லத் தின்னட்டும், அவர் கண் எட்டாத மூட்டுக்குள்ளே போய்த் தின்னட்டும்... காக்கா பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தவர் கோப்பைக்குள் விரலை விட்டு மணலை உருட்டினார், விரலைச் சூப்பினார், பிஸ்கட் தூளுக்காக்கும் என்று அவள் நினைத்தாள், நல்ல மணல், போடு என்றார். பன்னிரண்டாம் நாள் தண்டவாளத்தின் ஓரமெல்லாம் செம்மண்ணிறத்தில் துரு ஊர்ந்தது, எந்தப் பெயின்ற்றிலும் வராத துரு. "எப்பிடிகா எடுத்த இந்த நிறத்த?" பெயின்ற்தான் காக்கா. "கெட்டிக்காரி" என்றார். வாழ்நாளில் முதல் தரம் சொன்னார். போனில் படம் எடுத்துத் தன்னைப் போலப் பொம்மை ரயில் விடுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினார், அவர்கள் எழுதிய புகழ்ச்சியை ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினார், தன் பெயருக்கு வந்த புகழ்ச்சியை.

அதற்கும் ஒரு கிழமை கழித்துத்தான் ஸுல்பிகா வந்து பரீட்சைக் கதையைச் சொன்னாள், உம்மாவும் அதிசயமாய் வாய் திறந்து, எழுதட்டுமே மகன், ஊட்டுக்குள்ளயே கிடக்குறாள் என்றாள், காக்கா நாற்காலியைத் திருப்பி மேசையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார், வளைவில் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாரோ, இல்லை, அது இப்போது தோன்றுவது... "மூண்டு சுற்று ஓடட்டும், அண்டைக்கு அட்டயக் கையில தாறன், அல்லாவுக்காகத் தாறன்." எப்போது ஓட்டுவது என்று உம்மா கேட்டாள். கடைசி நாள் வரைக்கும் நேரம் இரிக்கி, வேலைய வடிவா முடிக்கட்டும் என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம், காக்கா நான் மண்ணக் கழுவல்ல, பத்து நாள் தாங்க, பிரிச்சிப் போடுறன். பத்து நாள் இருந்தது. பத்து நாளும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து தண்டவாளத்தின் தலையை மெல்லிய மண் கடதாசியால் தேய்த்தாள், துருவில் மின்சாரம் அறுந்த மூட்டுகளுக்கு அடிப்பக்கத்தால் கள்ளக் கம்பி இழுத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு சொல் சொல்ல ஏலாதவள் என்ன பரீட்சை எழுதப் போகிறாள், அது வாயால் எழுதுவதா என்ன, கையால்தானே, கைதான் அவளிடம் இருக்கிறதே...

"வாகா வெளிய, ஓட்டுவம்." அவள் ஊர்ந்து வெளியே வந்து மேசையோரம் நின்றாள். காக்கா நடுவில் இருந்து குமிழைத் திருப்பினார், சிவப்பு எஞ்சின் மூன்று பெட்டியோடு ஸ்டேஷனை விட்டு நகர்ந்தது, ஊன்றுகோல்காரன் பார்த்துக்கொண்டு நின்றான், பாலம், வயல், சாயம் போட்ட தும்பில் செய்த புல், பிறகு ஹோலின் அந்தத் தொங்கல் மூலையில் வளைவு, எஞ்சினின் விளக்கு ஒரு தரம் மின்னி அணைந்து பற்றியது, போனது. "ஒண்டு." அட்டையில் இருக்கிற தன் படத்தை நினைத்தாள், படம் பிடிக்கிறவன் சிரிங்க தங்கச்சி என்றதும் இன்னும் இறுகிப்போன முகம். ஸுல்பிகா மணிக்கூட்டைப் பார்ப்பாள். இரண்டாம் சுற்று வளைவில் ரயில் தயங்கியது, மூச்சுப் பிடித்த ஆள் மாதிரி, அவள் உடம்பு தன்பாட்டில் முன்னால் சாய்ந்தது, போ, போ, போய்ச் சேர், போனது. "ரெண்டு. பரவால்லயே." குசினியில் உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும் சத்தம். மூன்றாம் சுற்று, ஸ்டேஷன், பாலம், வயல், புல், இன்னும் ஆறடி, ஆறடிதான், முன் சக்கரம் வளைவுக்குள் ஏறியது, விளக்கு மின்னியது, அணைந்தது. பற்றவில்லை. ஒரு சுண்டு போதும், சுண்டுவிரலால் ஒரு சுண்டு, அவள் ஓடிப்போய்க் கையை நீட்டுவதற்குள் ஊன்றுகோல் நீண்டு வந்து மணிக்கட்டில் படுத்தது, அடியில்லை, சும்மா வைத்ததுதான். "கை படாம எண்டுதானே கத." பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது, பாங்கு முடியுமட்டும் ஊன்றுகோலை எடுக்கவில்லை.

கோபப்படுவார் என்று நினைத்தாள். காக்கா குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினார், அட்டையை ஒரு விரலால் பையின் அடிக்குத் தள்ளினார். "பரவால்ல புள்ள. கழட்டுவம், திரும்பப் போடுவம். சோதன வருஷா வருஷம் வருந்தானே, எங்க ஓடப் போகுது?" குமிழின் மேலிருந்த தூசியை ஊதினார். "இந்த முற மண்ண மூண்டு தண்ணியில கழுவு."

அவர் நாற்காலியை நகர்த்தவே இல்லை. இன்றைக்கு வளைவின் பக்கம் போகவில்லை, குனியவில்லை, மணலைத் தொடவில்லை, பிறகு எப்படி... பிஸ்கட். கோப்பைக்குள் போன விரல், வாய்க்குள் போன விரல், நல்ல மணல், போடு. அன்றைக்கே தெரியும். துருவை மெச்சினபோது தெரியும், மூன்று சுற்று என்று அல்லாவின் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்தபோதும் தெரியும், வாக்கு பிறகுதான் வந்தது, உப்புத்தான் முதலில் வந்தது, சுபஹு சுபஹாக அவள் தேய்க்கிற சத்தத்தை அடுத்த அறையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இனிப் பிரிக்கப்போவது யார், வளைவோடு முடியுமா, உப்புத் தண்ணீர் பசையோடு எங்கெல்லாம் ஊறியிருக்கிறதோ அவ்வளவையும் பிரிக்க வேண்டும், அந்த ஆறடியும் அதற்குப் பக்கத்து ஆறடியும், அவளுடைய கைதான், வேறு கை இந்த வீட்டில் எது... காக்காவின் உதட்டின் ஓரம் மெல்ல ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, வாப்பாவுக்கு இருந்ததாக உம்மா சொல்கிற சிரிப்பு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள், அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "என்ன, ரெண்டு பேரும் சிரிச்சிட்டு நிக்கிறீங்க, ரயில் ஓடிட்டா?" காக்கா தேத்தண்ணிக்குக் கையை நீட்டினார். ரெண்டு பேருமா... றினோஸா கையைத் தூக்கித் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள், உதடு உண்மையாகவே ஒரு பக்கமாக இழுபட்டுத்தான் இருந்தது, விரலில் ஒட்டியிருந்த மணல் கரித்தது, இந்தச் சிரிப்பு எப்போது வந்தது, அவர் அப்படிச் சொன்னபோதா, எஞ்சின் நின்றபோதா, அதற்கும் முந்தியா...