அறுபத்தோராவது வரி

பட்டியலில் அறுபது வரிகள்தான் இருக்க வேண்டும். திரை அறுபத்தொன்று காட்டியது.

இசக்கிசெல்வி செயலியை மூடித் திறந்தாள். மறுபடியும் அறுபத்தொன்று. செம்பூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

தாராவியில் அவர்கள் தெருக்காரர்கள் நடத்தும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அவளே எழுதிக்கொடுத்த செயலி அது. வீட்டுக்கு ஒரு வரி. கொடை முடிந்த மறுநாள் பையன்கள் அதைப் பார்த்து ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர் பெயரை உரக்கச் சொல்லி, கோயில் பிரசாதப் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வீட்டு வாசலில் அப்பாவின் பெயரைச் சொல்வார்கள். பூலோகம். மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு அந்த வருடம் பங்கு கிடையாது.

கொடைக் கமிட்டி பூதத்தான் மாமா காலையிலேயே போன் செய்திருந்தார்.

“பேர எடுத்துரு தாயி. பயலுவளுக்கு என்ன தெரியும், போன்ல இருந்தா கூப்பிட்டுருவானுவ. வாசல்ல நின்னு வேண்டாம்னு ஒங்கம்மா வாயால சொல்லணும். பாவம்லா.”

பஸ்ஸில் நின்றபடியே எடுத்துவிட்டாள். ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் பெயரை நீக்கியதுபோல்தான் இருந்தது.

ஆனால் வரி போகவில்லை. தகவலில் அவர் பெயர் இல்லை, அதைப் பார்த்துவிட்டாள். இருந்தும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக நின்றது. அதில் ஒருமுறை வேறொரு வீட்டுக்காரர் சுடலைக்கண்ணன் பெயர் இருந்தது. மேலே தள்ளிக் கீழே வந்தால் பானுமதி. இன்னொரு முறை தள்ளியபோது, பூலோகம்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வருமா என்று காத்திருப்பதுபோல் இருந்தது. வரவில்லை. விரல் பட்டதும் அது வேறு யாருடைய பெயராகவோ மாறியது.

பக்கத்து மேஜை ஹரி, மாட்டுங்காக்காரன், எட்டிப் பார்த்தான்.

“மொதல் தடவ லிஸ்ட்ட எண்ணினத அப்படியே போன்ல சேத்து வெச்சுண்டுடறது, மூடித் தொறந்தாலும் அதேதான். அப்பறம் நீ ஒருத்தர எடுத்தா அதுக்கு எப்படித் தெரியும்? காலியா இருக்கற எடத்துல முன்னாடி எழுதினதையே காட்டறது.” பிறகு சிரித்தான். “யாரோ ஒரு மாமா ரெண்டு தடவ பிரசாதம் வாங்கிண்டு போகட்டுமே. விடேன்.”

அவள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் இருப்பவர்களை மட்டும் எண்ணும்படி ஒரே ஒரு இடத்தில் மாற்றினாள். அறுபது. பூதத்தான் மாமாவுக்கு அனுப்பினாள். அம்மா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொடை முடிந்த மறுநாள், புதன்கிழமை சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அம்மா சண்முகவடிவு தலை வாரி, வெளுத்த சேலை உடுத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பையன்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இந்த வாசலைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

“கூப்பிடலையே” என்றாள் அம்மா.

“நாந்தாம்மா பேர எடுத்தேன். நீ வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிருமேன்னு.”

சந்தில் ஒரு சைக்கிள் அவர்களை உரசினாற்போல் போனது.

“சொல்லத்தாம்ட்டி நின்னேன்” என்றாள் அம்மா. “அவுக பேரச் சொல்லிக் கூப்பிடுவானுவ. அவுக இப்ப இல்லன்னு நான் சொல்லுவேன். தெருவுல நாலு பேரு கேப்பாவ. அதுக்குத்தான்.”

செல்வி செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். சந்துக்குள் பையன்களின் குரல் ஒவ்வொரு பெயராகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வீடுவரை இருவரும் கேட்டார்கள்.