குடிக்காதவர் செய்த சத்தியம்

எங்கள் அப்பா அந்தோணி, வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்று ஊத வேண்டும். அம்மா பவுனு அவர் வாய்க்கு நேரே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வேடிக்கை பார்க்கும். ஒரு நாளும் வாடை வந்ததில்லை. "ஏலக்காய மென்னுட்டு வந்திருப்பாரு" என்று நான் எடுத்துக் கொடுப்பேன். எனக்கு அப்போது பதினாறு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது.

மராத்தி பேசும் கட்கியில் அவர் பார்த்தது வெடிமருந்துத் தொழிற்சாலை வேலை. கை நடுங்கும் ஆளை அங்கே எதையும் தொட விடுவார்களா? கிடங்கு வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. சோற்றுத் தட்டைச் சுவரில் வீசுவார், பிறகு அவரே உட்கார்ந்து பொறுக்குவார். தெருப் பிள்ளைகள் 'பேவ்டா' என்று கத்தும். குடிகாரனுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. ஒரு தவக்கால ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லார் எதிரிலும் பீடத்தின் முன் மண்டியிட்டு, இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுவாரமும் தள்ளாடித்தான் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கல்யாணத்தன்று விடியும்போதே புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப் போகிறவர் அப்பாதானே.

"நீங்க வேணாம்பா. நடுவுல விழுந்து என் மானத்த வாங்காதீங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். மாமா என்னைக் கூட்டிப் போனார். அப்பா கடைசி பெஞ்சில் இருந்தார். இரண்டு வருடத்தில் மாடிப்படியிலிருந்து விழுந்து செத்துப்போனார். குடித்து அழிந்தார் என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். பெரிதாக அழக்கூட இல்லை.

இருபத்து நான்கு வருடம் கழித்து, போன மாதம், என் தம்பி டேனியலை சாகணில் அவன் வேலை செய்யும் கம்பெனி கேட்டில் நிறுத்தி மெஷினில் ஊதச் சொன்னார்கள். கையிலிருந்து ஸ்பானர் நழுவுகிறது, கால் பின்னுகிறது என்று புகார். மெஷின் பூஜ்யம் காட்டியது. இன்னொரு தடவை ஊதினான். பூஜ்யம். அப்படியானால் டாக்டரைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அந்த மெஷின்கூடக் கிடைக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு இன்று காலை வந்தது. நரம்பு டாக்டர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். ஹன்டிங்டன் என்று வியாதிக்குப் பெயர். ஒரு ஜீனில் ஒரு சின்னத் துண்டு, இருக்க வேண்டியதைவிட அதிக தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதாம். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தள்ளாட்டம், குழறல், காரணமில்லாத கோபம் எல்லாம் மூளை நலிவதால் வருவது. மருந்து ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும்; வியாதியை நிறுத்தாது.

"உங்கள் அப்பா எப்படி இருந்தார்?" என்று என்னைக் கேட்டார்.

குடிகாரர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுவரில் வீசின தட்டு ஞாபகம் வந்தது. புதுச் சட்டை ஞாபகம் வந்தது.

நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை என்றார் டாக்டர். எனக்கு இருந்தால் என் மகள் ப்ரீதிக்கும் வரலாம். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டேனியலைக் கூட்டிக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா குடிக்கவே இல்லம்மா! வாசல்ல நிக்கவெச்சு ஊதச் சொன்னியே!" என்று கத்தினேன்.

அம்மா நிமிரவில்லை. "தெரியும்டி."

"என்ன தெரியும்?" என்றேன்.

"வேலூர்ல உங்கப்பாவப் பெத்த தாத்தாவும் இப்படித்தான் ஆடி ஆடிச் செத்தாரு. கை ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே உங்கப்பாவுக்குப் புரிஞ்சிடுச்சு. 'குடிகாரன் பொண்ணக்கூட கட்டுவாங்க பவுனு, வம்ச வியாதின்னு தெரிஞ்சா எவனும் வரமாட்டான்'னாரு. ஊதறது அவரு சொன்ன யோசனைதான். நாலு பேரு பாக்கணும்ல."

"கோயில்ல செஞ்ச சத்தியம்?"

"அதுவும் உனக்காகத்தான். ஆண்டவர் முன்னாடி பொய் சொல்லிட்டேனேன்னு அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடல."

நான் அழுதேன். இருபத்து நான்கு வருடத்து அழுகை அது. அம்மா என்னை அழ விட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெழம தாபோடி மாப்ள வீட்டுக்காரங்க ப்ரீதியப் பாக்க வராங்க. டேனியலு குடிக்கிறான்னு சொல்லிடு. வேற ஒண்ணும் யாருக்கும் தெரிய வேணாம்."

டேனியல் சிரித்தான். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவன். "சொல்லிக்கோக்கா. எனக்கு இனிமே பேரு கெட்டா என்ன?" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அப்பா நின்ற அதே வாசலில் நின்றான். "வாம்மா, ஊதுறேன்."

எதிர்வீட்டு மராத்திக்காரி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அம்மா எழுந்தாள்.

"நீ உக்காரும்மா" என்றேன். போய் அவன் கையைப் பிடித்தேன். அது என் கைக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னேன்: இவன் குடிக்கவில்லை, இவனுக்கு உடம்பு சரியில்லை, எங்கள் அப்பாவுக்கும் இதுதான் இருந்தது.

வாசலிலிருந்து நாற்காலி வரை பத்து அடிகூட இருக்காது. அவன் இரண்டு தடவை தடுக்கினான். நான் விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். அப்பாவையும் இப்படிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கலாம். விழுந்திருக்க மாட்டார்.

அவனை உட்கார வைத்துவிட்டு ப்ரீதிக்குப் போன் போட்டேன்.

"சீக்கிரம் வீட்டுக்கு வாடி. உங்க தாத்தாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு குடிக்கல."